எர்த் வயர்

அவள் உள்ளே வந்தபோது மேஜை இரண்டாக இருந்தது.

அவன் நிமிரவில்லை. முட்டியால் பலகையை அழுத்திக்கொண்டு அடுத்த துண்டுக்கு ரம்பத்தை வைத்தான்.

ஈட்டி மரம். பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்குத் தச்சு வேலை பார்த்த அவள் அப்பா, அவள் கல்யாணத்துக்கென்று தன் கையால் செய்து கொடுத்தது. கறுப்புக்குள் ஊதா ரேகைகள் உண்டு. ஈரத்துணியால் துடைத்தால்தான் கண்ணில் படும்.

வெட்டிய இடத்தில் துடைக்காமலேயே தெரிந்தது.

ஜெனோவா கைப்பையை ஆணியில் மாட்டினாள். மரத்தூளை மிதித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

புருஷனிடம் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அப்பா இறந்த அன்று டோமினிக் காரைக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு மேடையில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது முறை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வாடகை நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அவனுடைய கித்தாரைத் தூக்கிப் பழைய சாமான் வண்டியில் போட்டுவிட்டாள். இருபது வருஷம் அவன் தோளில் கிடந்தது.

அதற்குத்தான் இது.

வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ். அவள் பெயரில் இருப்பது. சிக்னல் பிரிவில் அவள் டெக்னீஷியன். ஓர் அறை, ஒரு ஹால். அடுத்த மூன்று மாதத்துக்கு ஹாலை அவன் எடுத்துக்கொண்டான்.

பலகைகளைப் பசை போட்டு இறுக்கினான். இடுப்பு வளைத்து வெட்டினான். உளியால் குழி பறித்தான். மேஜையின் கால் ஒன்று கித்தாரின் கழுத்தாயிற்று.

அவள் தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிட்டாள். சோற்றில் தூள் விழுந்தது. அதையும் சேர்த்துத் தின்றாள்.

அவள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான்.

அவள் அறைக் கதவைத் திறந்தே வைத்தாள்.

எண்ணெய் பூசிய அன்று ஊதா ரேகைகள் மொத்தமாக எழுந்து வந்தன. அழகாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தந்தி ஏற்றி ஆம்ப்ளிஃபயரில் செருகினான்.

இரைச்சல். டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததுபோல.

கொஞ்சம் வாசிப்பான். அணைக்காமல் குளிக்கப் போவான். அணைக்காமல் தூங்குவான்.

அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வயர் செருகும் இடத்து இரும்பில் அவன் விரல் பட்டால் இரைச்சல் நிற்கும். விரலை எடுத்தால் திரும்ப வரும். எர்த் இணைப்பு கொடுக்கவில்லை. ஒரே ஒரு வயர். ஐந்து நிமிஷ வேலை.

சொல்லவில்லை.

ஆனால் பழுது என்று தெரிந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. அவள் வேலையில் அப்படி விட்டால் ரயில் நிற்கும். ஒன்பது நாள் பல்லைக் கடித்தாள்.

பத்தாம் நாள் ஞாயிறு. அவன் காலைப் பூசைக்குப் போனான். அவள் போகவில்லை.

கித்தாரைத் தலையணைமேல் குப்புறப் போட்டாள். பின்மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றினாள்.

வயர் இருந்தது.

தந்திகளைத் தாங்கும் இரும்பிலிருந்து ஒழுங்காக உள்ளே வந்து, சுருட்டி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. முனையில் கறுப்பு டேப். இறுக்கமாக, இரண்டு சுற்று.

மறந்தவன் டேப் சுற்றமாட்டான்.

டேப்பைப் பிரித்தாள். ஒலியைக் கூட்டும் குமிழின் முதுகில் ஈயம் உருக்கி வயரைப் பற்றவைத்தாள். மூடியைத் திருகினாள். ஆம்ப்ளிஃபயரில் செருகி சுவிட்சைப் போட்டாள்.

இரைச்சல் இல்லை.

"நீ எத்தன நாளு சும்மா இருப்பேன்னு பாத்தேன்."

டோமினிக் வாசலில் நின்றிருந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கேலியா, வேறெதுவுமா என்றும் தெரியவில்லை.

அவள் சால்டரிங் கம்பியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"வேல முடிஞ்சிருச்சுல்ல. கெளம்புங்க."

சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தாள். ஆறு மாதமாகச் சேர்த்துவைத்தது எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

அவன் அலமாரியைத் திறந்தான். மூன்று சட்டைகளை ஒரு பையில் திணித்தான். அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான். படிகளில் அவன் செருப்புச் சத்தம் இறங்கியது.

கித்தாரைத் தொடவேயில்லை.

அவள் வயரைப் பிடுங்கிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

"இத யாரு வெச்சு அழுவுறது? எடுத்துட்டுப் போங்க!"

எதிர் பிளாக்கில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் முக்காட்டை விலக்கிக்கொண்டு நன்றாகவே பார்த்தாள்.

அவன் திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கடந்தான். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

இன்னொரு முறை கத்த வாயெடுத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

கித்தார் கனத்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தும் எண்ணெய்ப் பூச்சில் கை வழுக்கியது. இறங்க வேண்டியது மூன்று மாடி.

ஜெனோவா கித்தாரின் வாரைத் தலைவழியாக விட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைத் தேடவில்லை.