சிலுவை போகாத சந்து

"எங்க வீட்டுக்கு வேணாம் டீச்சர்."

வாசலில் சிலுவையோடு நின்றவர்களைப் பார்த்து ஷீலா இப்படிச் சொன்னதும் பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

மயிலாப்பூரில் அந்தச் சர்ச் பங்கில், ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் மரச்சிலுவை வீடு வீடாகப் போகும். ஒரு நாள் ஒரு வீடு. மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்களே தோளில் சுமந்துபோய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். எந்த வீடு என்று முடிவு செய்வது ஃப்ளோரன்ஸ் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அதட்டலிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர்.

"வேணாம்னு சொல்ல இது என்ன கேபிள் கனெக்‌ஷனா?" என்றார்.

வேளச்சேரியில் கம்பெனி வேலை கிடைத்ததிலிருந்தே ஷீலாவுக்குத் தலைக்கனம் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். வேறு சபைக்குப் போகிறாளாம் என்றார் இன்னொருவர். நம் ஆட்களுக்குக் கதை கட்டவா சொல்லித்தர வேண்டும்?

ஷீலா குரலை உயர்த்தவில்லை. "ஆரோக்கியமேரி அக்கா வீட்டுக்கு எப்ப போகும் டீச்சர்?"

ஆரோக்கியமேரி கால்வாய்க் கரையில் இருப்பவள். பூசையில் கடைசி பெஞ்சு. வருஷா வருஷம் தவக்காலத்துக்கு முன்னால் தானாகவே வந்து இந்தச் சிலுவைக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பாள். ஆனால் கால்வாய்ப் பக்கம் திரும்பும் கடைசித் தெரு விளக்கு வரை போய்விட்டுச் சிலுவை திரும்பிவிடும்.

அந்தச் சந்து ரொம்பக் குறுகல், சாக்கடை வேறு, சிலுவை இடிபடும் என்று டீச்சர் வழக்கமான காரணங்களைச் சொன்னார்.

"ஏசுவை அறைஞ்ச கல்வாரி என்ன மாட வீதியிலயா இருந்துச்சு டீச்சர்? ஊருக்கு வெளியிலதானே?" என்றாள் ஷீலா. "அவங்க வீட்டுக்குப் போயிட்டு வரட்டும். நான் முட்டி போட்டு வாங்கிக்கிறேன்."

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தப்பு என்று பட்டுவிட்டால் தள்ளிப்போடுகிறவர் இல்லை அவர்.

"நீ முன்னால பிடி. இப்பவே போகலாம்" என்றார்.

ஷீலா முன்னால், டீச்சர் பின்னால். மற்றவர்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். சந்து ஒன்றும் அவ்வளவு குறுகல் இல்லை. சிலுவை எங்கேயும் இடிபடாமல் சுலபமாகப் போயிற்று.

ஆனால் சந்து முடிந்த இடத்தில் வீடுகளே இல்லை. உடைந்த செங்கல்லும் ஓட்டை டிரம்மும்தான் கிடந்தன.

"இது எப்ப நடந்தது ஷீலா?"

"எனக்கும் தெரியாது டீச்சர்."

அக்காவுக்காக அவ்வளவு பேசியவளும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சந்துக்குள் கால் வைத்திருந்தாள். அவளால் டீச்சரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எதிர் டீக்கடை ஷோயப் பாய் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். "போன வாரமே லாரி வந்துச்சும்மா. கரையக் காலி பண்ணணும்னு வூட்டெல்லாம் இடிச்சிட்டு, அல்லாரையும் ஊருக்கு வெளில பெரும்பாக்கத்துக்கு ஏத்திக்கினு பூட்டாங்க."

பிறகு சிலுவையை ஏற இறங்கப் பார்த்தார். மேரியக்கா லாரியில் ஏறும்போது இவர்களுக்கு ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார்.

என்ன சேதி என்று கேட்க டீச்சருக்குப் பயமாக இருந்தது. ஷீலாதான் கேட்டாள்.

"'இந்த வருஷம் எப்டியும் நம்ம வூட்டுக்குச் சிலுவை வரும் பாய். பாவம், அம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்து ஏமாந்து நிப்பாங்க. நான் இல்லாம பூட்டேன், மன்னிச்சிக்கச் சொல்லு'ன்னு சொல்லிச்சும்மா."