சேர்த்த சொற்கள்

ஊர்ப் பெயரை வலது மூலையில் போட்டாள். அதன் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

‘அன்பு மகள் சுடர்க்கொடிக்கு’ என்று தொடங்கினாள். அதற்கும் சிவப்பு.

‘பெரியம்மா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். உன் நலமும் குழந்தையின் நலமும் அறிய ஆவல்.’

வரி முழுக்கச் சிவப்பு. நெளிநெளியாக.

மின்னஞ்சல்தான். ஆனாலும் அவளுக்கு அது கடிதம். முதலில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அடித்துத் திருத்தி, அப்புறம்தான் கணினியில் ஏற்றுவாள். தாளில் பிழை இல்லை. மூன்று முறை பார்த்தாயிற்று.

தங்கை மகள் சுடர்க்கொடி மஸ்கட்டில் இருக்கிறாள். பெண் குழந்தை பிறந்து பதின்மூன்று நாள். பதினாறாம் நாள் பேர் சூட்டுகிறார்கள்.

“பெரியம்மா, பேரு நீங்கதான் சொல்லணும். நாங்க தேடித்தேடி அலுத்துட்டோம்” என்று போனில் கேட்டிருந்தாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். பெயரை எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்பது இவள் எண்ணம்.

கொடுக்க ஒரு பெயர் இருந்தது.

முப்பத்து மூன்று வருடமாக இருந்தது.

அப்போது அவளுக்கு ஏழு மாதம். ஆஸ்பத்திரி வரிசையில், மர பெஞ்சில், அவளும் கணவர் தணிகாசலமும். பெண்தான் என்று இருவரும் முடிவே கட்டியிருந்தார்கள். டோக்கன் சீட்டின் பின்னால் அவர் பெயர்களை எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதி, எழுத எழுத அடித்தார்.

“இந்தப் பேர்ல எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. காலையில வந்து உட்கார்ந்தா சாயங்காலம்தான் கண்ணைத் திறப்பா.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

கடைசியில் ஒன்றை மட்டும் அடிக்கவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இளமதி.

குழந்தை ஒன்பது நாள் இருந்தது.

பேர் சூட்டப் பதினாறு நாள் ஆக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ‘பெண் குழந்தை’ என்றுதான் இருக்கிறது. பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. யார் காதிலும் ஓதப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. ஒரு தடவைகூட. சில வருடம் காத்துப் பார்த்தாள். அப்புறம், மறந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாள். கோபம்கூட இல்லை. மழை நின்றுபோன மாதிரி, அவ்வளவுதான்.

ஆக, பெயர் அவளுடையது மட்டும். கொடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இத்தனை சிவப்போடு எப்படி அனுப்புவது? அங்கே சுடர் திறந்து பார்க்கும்போதும் இப்படியே தெரிந்தால்? முதன்முதலாக அந்தப் பெயர் போகிற கடிதம்.

கணினி அவருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. எல்லோருக்கும் அவர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். எழுத்துக் கூட்டிப் படித்து, அமைப்புகளைத் திறந்தாள். பிழை பார்க்கும் மொழி, ஆங்கிலம்.

ஓகோ. தமிழ் என்றே தெரியாமல்தான் இத்தனை கோபமா?

தமிழைத் தேடிக் கீழே போனாள். அங்கே வேறொரு பட்டியல் கிடந்தது. சேர்த்த சொற்கள்.

இதை அவர் ஒருமுறை சொல்லித் தந்திருக்கிறார். தெரியாத சொல்லுக்கு அது கோடு போடும். சரியான சொல்தான் என்றால் அதன் மேல் சொடுக்கி, சேர்த்துக்கொள் என்று நாம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாக. தானாக எதுவும் சேராது.

எல்லாம் ஆங்கில எழுத்தில், வரிசையாக நின்றன. முதலில் அவள் பெயர், அங்கயற்கண்ணி. சிரிப்பு வந்தது. பிறகு தெருவின் பெயர். இடியாப்பம். இட்லி.

இளமதி.

ஜலகண்டபுரம். காவேரி.

மேலே போய்விட்டுத் திரும்ப வந்தாள். அது அங்கேயே இருந்தது, இட்லிக்கும் ஜலகண்டபுரத்துக்கும் நடுவில்.

அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியதில்லை.

யாருக்கு எழுதினார்? எப்போது? தேடினால் ஒரு நொடியில் வந்துவிடும்.

தேடவில்லை. அவருக்கு வந்த இன்லண்ட் லெட்டரை ஒருநாளும் அவள் பிரித்ததில்லை.

எழுதியிருக்கிறார். கோடு விழுந்திருக்கிறது. அங்கே நின்று, இது பிழையில்லை என்று சொல்லியிருக்கிறார்.

எதையும் மாற்றாமல் அமைப்புகளை மூடினாள்.

‘குழந்தைக்கு நான் சொல்லும் பெயர்’ என்பதோடு கடிதம் நின்றிருந்தது. அடுத்த சொல் காலண்டர் தாளில் இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.



‘மகிழினி’ என்று அடித்தாள். சிவப்புக் கோடு விழுந்தது. அப்படியே அனுப்பினாள்.

சமையலறையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

“சுடர் பொண்ணுக்கு என்ன பேரு எழுதின?”

“மகிழினி.”

கையில் பாதித் தேங்காயோடு தணிகாசலம் கதவருகே வந்து நின்றார்.

“வேற எதுவும் எழுதலையே?”

“இல்லைங்க.”

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேங்காயைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.