வெளுத்த குடுவை

“ஊத்தினது சிலிக்கா அக்காதான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஊசி நிறைய மெத்தனால். மாப்பிள்ளையோட குடுவை ஒரே நொடியில வெளுத்துப் போச்சு!”

சாக்லேட் டப்பாவோடு வந்தவன் ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

மாப்பிள்ளை என்பது அவன்தான். அங்கே கல்யாணமானவன் அவன் ஒருவனே என்பதால் வந்த பெயர். முந்தாநாள் மதியம் மனைவிக்கு வலி வந்துவிட்டதென்று போன் வந்ததும், போட்டது போட்டபடி ஓடியிருந்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அவன் விட்டுவிட்டு ஓடிய குடுவைக்குள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக நீண்டுகொண்டிருந்தன. சங்கிலியின் நுனியில் எதிர்மின்னூட்டம் இருக்கிறவரை அதற்கு உயிர். உயிர் இருக்கிறவரை திரவம் செக்கச்செவேல். ஒரு துளி ஈரமோ, மெத்தனாலோ, ஒரு மூச்சுக் காற்றோ பட்டால் கதை முடிந்தது.

ஏற்கெனவே இரண்டு முறை முடிந்திருக்கிறது. மூன்றாவதும் போனால் வெள்ளிக்கிழமை கமிட்டி முன் காட்ட ஒன்றுமில்லை. உதவித்தொகை அதோடு நிற்கும்.

உள்ளே பேச்சு தொடர்ந்தது.

“பொறாமைடா. அவங்களும் அதே ரியாக்‌ஷன்தானே பண்றாங்க?”

“போன மாசம் ஒரு பொண்ணு அழுதப்போ என்ன சொன்னாங்க? ‘அழறதுன்னா வெளியில போய் அழு, இங்க ஈரம் ஆகாது’ன்னாங்க. மனுஷியா அது?”

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா என்று பெயர் வைத்ததே அதனால்தான். அவர் பக்கத்தில் வந்து நின்றால் பேச்சுகூடக் காய்ந்துவிடும்.

மாப்பிள்ளை நேரே அவர் மேஜைக்குப் போனான்.

“அக்கா, என் குடுவையைத் தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

“மெத்தனால்?”

“ஊத்தினேன்.”

“கொன்னுட்டீங்களே அக்கா! மூணாவது தடவை. வீட்டுல இப்போ மூணு பேர் இருக்கோம். வெள்ளிக்கிழமை நான் எதைக் காட்டுவேன்?”

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ன குழந்தை?”

“பொண்ணு. பேச்சை மாத்தாதீங்க.”

“மாத்தலை. வடிகட்டி, காயவச்சு மெஷின்ல போட்டிருக்கேன். பேப்பர் வந்திருக்கும். போய்ப் பாரு.”

சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் மெஷின் அது. எல்லாம் ஒரே நீளமென்றால் ஒரே சிகரம், அதுதான் வெற்றி; இல்லாவிட்டால் மேடும் பள்ளமும்.

அவன் தாளை உருவினான். ஒரே சிகரம். ஊசி மாதிரி.

தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான். முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான்.

“அக்கா... இது என்னோடதா?”

“பின்னே, என்னோடதா? நைட்ரஜன் பலூன் சுருங்கித் தொங்கிட்டிருந்தது. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா காத்து புகுந்து, ரெண்டு ரெண்டு சங்கிலியா ஒட்டிக்கிட்டிருக்கும். நாலு மணிக்கு மெத்தனால் ஊத்தி நிறுத்தணும்னு குடுவை மேல நீயே எழுதி ஒட்டியிருக்கே. நிறுத்தினேன். எப்படியும் போகப்போறதை ஒழுங்கா போகவிட்டேன், அவ்வளவுதான்.”

அவன் கண் நிறைந்துவிட்டது.

“அழறதுன்னா...” என்று அக்கா ஆரம்பித்தார்.

“வெளியில போய் அழறேன் அக்கா.”

ஆய்வுக்கூடமே சிரித்தது. சாக்லேட் டப்பா திறந்தது. “எனக்கு அப்பவே தெரியும், அக்கா அப்படிப்பட்டவங்களே இல்லை” என்றபடி முதலில் இரண்டு எடுத்துக்கொண்டான், ரெண்டு கண்ணால் பார்த்தவன்.

“இன்னும் இங்கயே நின்னுக்கிட்டிருக்கியே? வீட்டுக்குப் போ. குழந்தையைப் பாரு” என்று அக்கா விரட்டினார்.

போகும்முன் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் அவனுக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. உயிரோடு இருக்கும் குடுவையைத் தனியே விட்டுப் போனால் மூன்று மாதம் உள்ளே வரக் கூடாது. ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான சார் போட்டது. அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

முந்தாநாள் பக்கத்தைப் புரட்டினான். அவன் வரியில் அக்காவின் கையெழுத்து: ‘4.05. மெத்தனால் சேர்க்கப்பட்டது. குடுவையருகே ஆள் இருந்தது.’

அதற்கு அடுத்த வரி அக்காவின் குடுவைக்கு உரியது.

‘4.05. திரவம் வெளுத்தது. பாதியில் ஊசியைத் திறந்தபடி விட்டு நகர்ந்தேன். காற்று புகுந்தது. காரணம்: கவனக்குறைவு.’

பக்கத்தில் சாரின் சிவப்பு மை: ‘உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.’

மாப்பிள்ளை நிமிர்ந்தான். கழுவுதொட்டியின் ஓரத்தில் ஒரு குடுவை, அடியில் பசையாய்க் காய்ந்த எதுவோ ஒட்டியபடி கிடந்தது.

பதிவேட்டை மூடினான். சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தக் குடுவையை எடுத்துத் தேய்த்துக் கழுவினான். அசிட்டோனில் இருமுறை அலசினான். கழுத்தில் பென்சிலால் அக்காவின் பெயரை எழுதி, உலர்த்தும் அடுப்புக்குள் வைத்து, நூற்றிருபது டிகிரிக்குத் திருகினான்.