சிங்கத்தின் மூச்சு

“ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, நாய்க்கு நுரையீரல் டெஸ்ட்டா? ஜாதகம் ஒண்ணுதான் இன்னும் பாக்கல,” என்றார் ஜெயக்குமார்.

வாசலில் நின்ற டாக்டர் தேவிப்ரியா சிரித்தபடி பையைத் திறந்தார். ஏலவார்குழலி கூட்டி வந்த டாக்டர் அவர். மனைவி கூட்டி வரும் யாரையும் ஜெயக்குமாருக்குப் பிடிக்காது. டாக்டர் என்றால் இன்னும் பிடிக்காது.

“ராவெல்லாம் இழுத்துக்கினே கிடக்குது உங்க சிங்கம். தறி சத்தத்துலகூட தூங்கிடுவேன், இந்தச் சத்தத்துல முடியல,” என்றாள் ஏலவார்குழலி.

“எனக்கு ஒருநாளும் கேட்டதில்லையே.”

“நீங்க படுத்தா கட்டை. நெஞ்சு சரியில்லன்னு டாக்டர் சொன்னா, இத தென்னேரில எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

ஜெயக்குமாருக்குப் பகீரென்றது. இந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான். சிங்கமோ தன் தலைவிதி முடிவாகும் நேரத்தில் கொட்டாவி விட்டது. பெயர்தான் சிங்கம்.

பக்கத்து வீட்டார் தறிக்கான பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். “இந்தப் பாவு நீளத்துக்கு நாயோட வேகமா போய்ப் போய் வாங்க. நான் சொல்ற வரைக்கும்,” என்றார் தேவிப்ரியா.

நடந்தார்கள். பாதியில் சிங்கம் நின்றது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது.

“பாத்தீங்களா, நிக்குது,” என்றாள் ஏலவார்குழலி.

“நான் நின்னா அதுவும் நிக்கும்மா. மரியாதை தெரிஞ்சது. உன் அண்ணனுக்கு அதுகூடத் தெரியாது,” என்றார் ஜெயக்குமார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அடுத்து நாயின் காதில் ஆக்சிஜன் கிளிப். மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அவர் விரலிலும் ஒருமுறை. கடைசியாக ஒரு குழாய்.

“நீங்க ஊதிக் காட்டுங்க. பாத்துட்டு அதுவும் ஊதுதான்னு பாப்போம்.”

அடுத்தவன் நாயாக இருந்தால் ஜெயக்குமார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிங்கத்தின் அறிவில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தம் கட்டி ஊதினார். சிங்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

“நாய்க்கு ஒரு குறையும் தெரியல,” என்றார் தேவிப்ரியா.

“கேட்டியா? இனிமே தென்னேரி பேச்சே எடுக்காத.”

தேவிப்ரியா ஒரு இன்ஹேலரை அவர் கையில் வைத்தார். “காலைல, சாயங்காலம்.”

“குறையே இல்லாத நாய்க்கு இது எதுக்கு?”

“சிங்கத்த மாட்டாஸ்பத்திரில நேத்தே காட்டிட்டாங்க. நான் மனுஷங்களுக்கு நெஞ்சு டாக்டருங்க.”

“ராவெல்லாம் இழுக்கிறது நீங்கதான். மருந்த ஒழுங்கா எடுக்கலன்னா தென்னேரிக்குப் போறதும் நீங்கதான்,” என்றாள் ஏலவார்குழலி. “சிங்கம் இங்கயே இருக்கட்டும்.”