முள் பச்சையில் நிற்கிறது

உறைபனி விழும் இரவுகளில் அருளப்பன் ஜீப்பிலிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். வண்டியிலேயே விட்டால் குளிரில் அதன் அழுத்தமானி முள் பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். உள்ளிருக்கும் பொடி கட்டிதட்டாமலிருக்கத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவார். பிறகு தன் கழுத்து மஃப்ளரை அவிழ்த்து அதற்குச் சுற்றி, கட்டிலில் தனக்கும் மனைவிக்கும் நடுவே படுக்க வைப்பார். "எனக்குக் குளிருதான்னு ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?" என்று பிலோமினா முணுமுணுப்பாள். விடிந்ததும் முள்ளைப் பார்த்துவிட்டு, "பச்சை!" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் காபி வைக்க எழுந்திருப்பாள். "முதல்ல மஃப்ளரை எடுத்துக் கழுத்துல சுத்துங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்.

அவர் போய்ச் சேர்ந்து, ஜீப்பையும் விற்றாயிற்று. வாங்கிய முபாரக் ஒரு பனிக்காலையில் வாசலில் வந்து நின்றான். "அக்கா, வண்டில பயர் சிலிண்டரைக் காணோமே. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்.சி.க்குக் காட்டணும்." பிலோமினா கட்டிலைக் காட்டினாள். அவன் கம்பளியை விலக்கினான். அருளப்பன் படுக்கும் பக்கத்தில், மஃப்ளர் சுற்றியபடி சிலிண்டர் கிடந்தது. குனிந்து முள்ளைப் பார்த்தான்.

"பச்சைலதான் இருக்குக்கா."

அவள் சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போனாள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. "முதல்ல மஃப்ளரை எடுத்துக் கழுத்துல சுத்துங்க" என்றாள் உள்ளேயிருந்து.

முபாரக் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு மஃப்ளரை மெல்ல அவிழ்த்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டான். அது வெதுவெதுப்பாக இருந்தது.