ஐஸ் பெட்டியின் நான்காவது மூடி

ஐஸ் நிரப்பி மீன் கொண்டுபோன ரயில்பெட்டி ஒன்றின் சிறு மாதிரியை, பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார் லூர்துராஜ். ரயில்வேயின் அசல் வரைபடத்திலிருந்து இம்மி பிசகினாலும் மாதிரி ரயில் போட்டியில் மதிப்பெண் குறையும். கூரையில் ஐஸ் கொட்டுவதற்கான நான்கு துவாரங்களில், ஒன்றின் மூடி மட்டும் படத்தில் குச்சி முட்டுக்கொடுத்துத் திறந்திருந்தது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

“மீன் கெட்டுப்போகாதா? எந்தப் புண்ணியவான் திறந்து போட்டான்?” என்றாள் மனைவி பிலோமினா. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “என்னங்க, உள்ள கூடு இருக்கு. குஞ்சு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அதான் அதுல மட்டும் ஐஸ் போடாம விட்டிருக்காங்க.”

லூர்துராஜ் தேங்காய் நாரைக் கிழித்துக் கடுகளவில் ஒரு கூடு செய்து, மூடியைத் திறந்தபடியே விட்டு அந்தத் துவாரத்தில் வைத்தார்.

போட்டியன்று நடுவர் வரைபடத்தையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். “வரைபடத்துல நாலும் மூடியிருக்கே, சார். மார்க் போயிடும்.”

“தெரியும்ங்க. மூட மனசு வரல,” என்று புகைப்படத்தை நீட்டினார் லூர்துராஜ்.

நடுவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். கூட்டின் நார் ஒன்று காற்றில் நடுங்கியது. மதிப்பெண் தாளைக் கீழே வைத்துவிட்டு, “யாராவது அந்த ஃபேனை நிறுத்துங்க,” என்றார்.