நூற்றிரண்டு மீட்டர்

முந்தின நாள் அளந்தபோது கிளப் மைதானத்தின் நீளம் நூற்றிரண்டு மீட்டர். இன்று மாலை நான்கு மணிக்குப் பத்திரப்பதிவு. அப்புறம் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிடும். பதினோரு வருடம் அந்த மைதானத்தில் கோல் காத்த அண்ணன், அதை விற்பனைக்கு அளந்து கொடுக்க ஒப்புக்கொண்ட சர்வேயர் தங்கையோடு ஒரு மாதமாக முகம்கொடுத்துப் பேசவில்லை. இன்று தானாக வந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். நூற்றொன்பது. மறுபடி அளந்தால் நூற்று இருபத்தாறு.

"டேப்ப ஒழுங்கா பிடிண்ணா."

"கோல் கம்பத்தோட ஒட்டித்தாம்மா பிடிச்சிருக்கேன்."

"நிலம் என்ன ரப்பரா?" என்று விற்பனையை முடிக்க வந்திருந்த தரகர் தலையில் கைவைத்தார். வெளியே போய்ச் சுற்றுச்சுவரை அளந்தார். அங்கே அதே நூற்றிரண்டு.

"நடந்தே பாத்துடறேன்" என்று தங்கை எதிர்க் கம்பத்தை நோக்கிக் கிளம்பினாள். ஐந்நூறு அடி வைத்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள். தரகரின் கார் ஹாரன் தேய்ந்து அடங்கியது. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கடுகளவு தெரிந்தான்.

"இன்னும் கொஞ்சம் போம்மா" என்றான். குரல் மட்டும் பக்கத்திலேயே கேட்டது.

எதிர்க் கம்பம் கிளம்பும்போது இருந்த தூரத்திலேயே நின்றது. மணி நான்கைத் தாண்டியிருந்தது. பயம் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரப் புல்லில் அவள் தொடர்ந்து நடந்தாள்.